மூணாவது டிராஃப்ட்

மேல போய் பெல்லு அடிச்சீங்களே, நான் இங்க இருந்து பாத்துகினுதான் இருந்தேன் சார். நாலு தபா அடிச்சீங்க. யாரும் தெறக்கமாட்டாங்கோ. வசுமதி மேடம் இல்ல. ஊர்ல இல்லன்னு சொல்லல, தவறிட்டாங்கோ. டிசம்பர் பதினெட்டு, தூக்கத்துலயே. காலைல பால் பாக்கெட்டு கதவாண்டயே கெடந்துச்சி. நான்தான் ஆள இட்டாந்து பூட்ட ஒடச்சேன்.

ஒக்காருங்க. கடைக்குள்ள வேணாம், இந்த பெஞ்சுலயே ஒக்காரலாம். கரண்ட் கட்டு. ஜெனரேட்டர் ஓடிகினு கீது, உள்ள பேசினா ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்கு கேக்காது. படூர்ல மாசத்துக்கு ஒரு பில்டிங்கு எழும்புது, கரண்ட் மட்டும் அதே லட்சணத்துலதான் கீது.

எங்க இருந்து வர்றீங்க? மெட்ராஸா. வெரிஃபிகேஷன் கம்பெனியா. வேலைக்குச் சேர்றவங்களத்தான் இப்டி வூடு தேடி வந்து விசாரிப்பாங்கோன்னு நென்ச்சேன். படிக்கிறதுக்குமா? எம்பிஏ சீட்டுக்கு அமெரிக்காக்காரன் இவ்ளோ தூரம் ஆள் அனுப்புறானா. சரி, யாரப் பத்தி?

ஆதித்யாவா.

தெரியும் சார். நல்லாத் தெரியும். எஸ்ஸே எழுத யாரு ஒத்தாச பண்ணாங்கோன்னு ஃபார்ம்ல ஒரு கட்டம் இருக்கும், அதுல மேடம் பேரு போட்டுக்கீறானா. போடுவான். இன்னா தப்பு பண்ணான்? ஒண்ணும் இல்லியா? எஸ்ஸேல ஒண்ணு எழுதிட்டு இண்டர்வியூல வேற மாரி சொன்னானா? எத்தப் பத்தி சார்?

சொல்லக் கூடாதா. சரி, ரூல்ஸ்னா ரூல்ஸு.

நானா? எம்பேரு துரை. இந்த பிரௌசிங் சென்டரு, ஜெராக்ஸு எல்லாம் நம்மளுதுதான். ஊரு திருவிடந்தை. மூணு வருசம் ஆச்சி இங்க வந்து. உள்ள ஜெராக்ஸ் மெஷினாண்ட நிக்குதே, அது என் தம்பி சம்சாரம் ரேணுகா. தம்பி இல்ல. ஒரு பொண்ணு கீது, ரெண்டாவது படிக்குது. நான் கல்யாணம் கட்டிக்கல, அதுங்க ரெண்டும்தான் எனக்கு குடும்பம்.

மேடத்துக்கு டைப்பு அடிச்சதெல்லாம் நான்தான் சார். அதனால நீங்க கேக்க வந்தது எனக்குத் தெரிஞ்சாலும் தெரியும். கேளுங்க.

மேடம் கல்பாக்கம் டவுன்ஷிப்புல முப்பது வருசம் இங்கிலீஷ் டீச்சரு. ரிட்டயர் ஆயிட்டு மூணாவது மாடில வூடு வாங்கிகினு வந்தாங்கோ. அவங்ககிட்ட படிச்ச பசங்கதான இப்ப இந்த ஓஎம்ஆர் ரோடு பூரா கம்பெனில கீதுங்க. ஒண்ணொண்ணா வந்து, மேடம் எம்பிஏக்கு எஸ்ஸே பாத்துக் குடுங்கன்னு நின்னுச்சிங்க. அவங்க கம்ப்யூட்டர்ல படிக்கமாட்டாங்கோ, கண்ணு எரியும்னுவாங்கோ. பசங்க எனக்கு மெயில் அனுப்பும், நான் பிரிண்ட் எடுத்து மேல குடுப்பேன், செவப்பு இங்க்குல திருத்தி வெப்பாங்கோ, நான் கீழ வந்து அடிச்சி திருப்பி அனுப்புவேன். ப்ளஸ் டூ பெயிலு சார் நானு. டைப்ரைட்டிங் மட்டும் ஹையர் பாஸு. மொதல்ல எழுத்தப் பாத்து அடிச்சேன். ஒரு வருசம் போனதும் அர்த்தம் பாத்து அடிக்க ஆரம்பிச்சிட்டேன். அதான் பேஜாரு.

இன்னா சொல்லிக் குடுப்பாங்கோவா? அவங்க எழுதித் தரமாட்டாங்கோ சார். அத்த நல்லா குறிச்சிக்கோங்க. ஒரு வரி கூட எழுதித் தந்ததில்ல. கேள்விதான் கேப்பாங்கோ. நான் பொறக்கும்போதே லீடர்னு எவனாவது எழுதிகினு வந்தான்னு வெச்சிக்கோங்க, பேனாவ அழுத்திக் கோடு போடுவாங்கோ பாருங்க, தாளே கிழியும். லீடரா இல்லியான்னு படிக்கிறவன் முடிவு பண்ணட்டும், அன்னிக்கு நீ என்ன பண்ண, அத மட்டும் சொல்லுன்னுவாங்கோ. உன் மார்க்க அவன் வேற தாள்ல பாத்துப்பான், இந்தத் தாள்ல அவன் உன்னத் தேடுறான்னுவாங்கோ. தோல்வியப் பத்தி எழுதுன்னு ஒரு கேள்வி வரும். அதுக்கு எல்லாப் பசங்களும் ஒரே மாரி எழுதும், நான் ரொம்ப ஒழைச்சிட்டேன், அதான் என் தோல்வின்னு. மேடம் அந்தத் தாள மடிச்சி வெச்சிட்டு, போய் நெஜமா தோத்துட்டு வான்னு அனுப்பிடுவாங்கோ.

ஆதித்யாவும் டவுன்ஷிப்புப் புள்ளதான். அப்பா சதாசிவம் அங்க சயின்டிஸ்டு. போன வருசம் ஆகஸ்டுல மெயில் வந்துச்சி, மொத டிராஃப்ட்டு. சுனாமில சோத்துப் பொட்டலம் குடுத்தேன்னு எழுதிக்கீறான். மேடம் ரெண்டு வரி படிச்சாங்கோ. துரை, இந்த வருசம் இது எத்தனாவது பொட்டலம்னு கேட்டாங்கோ. பதினாலாவதுன்னேன். ஓரத்துல எழுதினாங்கோ, யாருக்கும் சொல்லாத ஒண்ணு உங்கிட்ட இருந்தா எழுது, இல்லன்னா வுட்டுடுன்னு.

பத்து நாள் சத்தமே இல்ல. அப்பால ரெண்டாவது வந்துச்சி.

ரெண்டாயிரத்து மூணு நவம்பரு. ஞாயித்துக்கெழம. அப்பதான் அவன டீம் லீடர் ஆக்கிக்கீறாங்கோ. டீம்ல எட்டுப் பேரு, இவனோட ஒம்போது. எல்லாரையும் இட்டுகினு திருவிடந்தையாண்ட பைபர் படகுல கடலுக்குள்ள சவாரி. ஒரு கிலோமீட்டர் கூட போவல, வாடக்காத்து ஏறிடுச்சி, படகு கவுந்துடுச்சி. கவுந்த படக புடிச்சிகினு இவன் ரெண்டு பேர இழுத்துப் போட்டானாம், பேர் சொல்லிச் சொல்லிக் கூப்புட்டு மத்தவங்களுக்கு தைரியம் குடுத்தானாம். ஒம்போது பேரும் பொழச்சாங்கோ. படகுக்காரன் மட்டும் போய்ட்டான். வானிலை சரியில்லன்னு தெரிஞ்சும் படகுக்காரர்தான் போலாம்னு வற்புறுத்தினாருன்னு ஒரு பேரா. பாடி மூணாம் நாள் மாமல்லபுரத்தாண்ட ஒதுங்கிச்சி.

அதுவா? ஒதுங்கினது எஸ்ஸேல இல்ல சார். எனக்குத் தெரியும், அவ்ளோதான். அந்தக் கரைல எல்லாருக்கும் தெரியும்.

படிக்கிறப்ப இன்னா தோணிச்சின்னு கேக்குறீங்களா? நெஞ்சு லேசாச்சி சார். ஆமா. படகுக்காரன் வற்புறுத்தினான்னு இங்கிலீஷுல, கம்ப்யூட்டர்ல, படிச்ச புள்ள எழுதினா எவ்ளோ கெட்டியா கீது! போலீசும் அன்னிக்கு அதான் எழுதினாங்கோ. ஊரும் அதான் பேசிச்சி.

ஆனா மேடம் வுடல. செவப்பு இங்க்குல தாள் பூரா கேள்வி. போனோம்னு எழுதியிருக்க, முடிவு பண்ணது யாரு? அன்னிக்குக் காலைல வானம் எப்டி இருந்துச்சி? கெளம்பறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது பேசினியா? அவர் என்ன சொன்னார்? அதுக்கு முன்னாடி நீ என்ன கேட்ட? செத்தவர் பேரு எங்க? இத்தெல்லாம் நான் அடிச்சி அனுப்பணும். அடிக்காம ரெண்டு நாள் வெச்சினு இருந்தேன். மேடம் மேல இருந்து போன் போட்டு, துரை, அனுப்பியாச்சான்னாங்கோ. அனுப்பினேன்.

நடுவுல ஒரு நாள் சாயந்தரம் ஆதித்யாவே கடைக்கு வந்தான். பாஸ்போர்ட் ஜெராக்ஸ் எடுக்க. அதுவரைக்கும் மெயில்லதான பழக்கம், மொகம் பாத்ததில்ல. செவப்பா, ஒல்லியா, தூங்கி நாளாச்சிங்கிற மாரி கண்ணு. எத்தினி காப்பி சார்னு கேட்டேன். கேட்டது அவ்ளோதான். சட்டுனு நிமிந்து பாத்தான். அண்ணே, உங்க கொரல எங்கியோ கேட்டமாரி இருக்கேன்னான். கடைக்கு நூறு பேர் போன் பண்றாங்கோ, அப்டி இருக்கும்னு சொல்லிட்டு திரும்பிகினேன். அவன் போவல. ரேணுகாதான் ஜெராக்ஸ எடுத்துக் குடுத்து அனுப்பிச்சி. அந்தப் பொண்ணு கைல இருந்து அவன் வாங்குறத நான் பாக்கல.

டீ சொல்லட்டுமா? வேணாமா. இன்னா சார், இப்டிப் பாக்குறீங்க? வேர்க்கிறதா? பிப்ரவரில கூட இங்க புழுக்கம்தான்.

மூணாவது டிராஃப்ட்டு செப்டம்பர் கடேசில வந்துச்சி. அது எனக்கு மனப்பாடம் சார். இங்கிலீஷுல சொல்ல வராது, தமிழ்ல சொல்றேன்.

காலைல ஏழு மணிக்கு வானம் கருத்துகினு இருந்துச்சி. மீனவங்க கடலுக்குப் போவ வேணாம்னு டீவில சொன்னான், நான் கேட்டேன். டீம் ஆளுங்கள லீவு நாள்ல வரச் சொல்லிட்டு, ரத்துன்னு சொல்ல எனக்கு வெக்கம். படகு புக்கிங் எடுக்கற ஆளுக்குப் போன் போட்டேன். போலாமான்னு நான் கேக்கல. போலாம்தானேன்னு கேட்டேன். அவரு, தாராளமா வாங்க சார், நம்ம கடல் நமக்குத் தெரியாதான்னாரு. அவர் சொல்லும்போதே பின்னாடி இன்னொரு ஆளு, வேணாம்ணா, தண்ணி சரியில்லண்ணான்னு சொன்னது எனக்குக் கேட்டுச்சி. அந்தக் கொரல் மறுபடியும் சொல்றதுக்குள்ள தேங்க்ஸ்னு சொல்லி நான் போன வெச்சிட்டேன். ரெண்டு மணி நேரம் கழிச்சி கரைல ஒரு ஆளு படகப் புடிச்சிகினு, பாத்து ஏறுங்க சார்னான். அதே கொரல். எனக்குத் தெரிஞ்சிடுச்சி. நான் ஏறினேன். என் பின்னாடி எட்டுப் பேரும் ஏறினாங்கோ. தண்ணிக்குள்ள அவன்கிட்ட ஒரு காலி கேன் இருந்துச்சி. அத்த எங்கிட்ட தள்ளி வுட்டான். போலீஸ்ல கேட்டப்ப, படகுக்காரன்தான் வற்புறுத்தினான்னு எழுதிக் குடுத்தேன். புக்கிங் ஆளும் அதையே எழுதிக் குடுத்துட்டாருன்னு சொன்னாங்கோ. ரெண்டு பேரும் பேசி வெச்சிக்கல. ஒருத்தர ஒருத்தர் பாத்ததும் இல்ல.

இதான் சார் மூணாவது டிராஃப்ட்டு.

பிரிண்ட் எடுத்து மேடத்தாண்ட குடுத்தேன். வழக்கமா நான் நிக்கமாட்டேன், அன்னிக்கு நின்னேன். படிச்சி முடிச்சி கண்ணாடியக் கழட்டி வெச்சாங்கோ. அப்பால ஓரத்துல எழுதினாங்கோ, இப்பதான் நீ எழுத ஆரம்பிச்சிருக்க, இதுல ஒரு கமா கூட மாத்தாதேன்னு. எழுதிட்டு எங்கிட்ட கேட்டாங்கோ, அந்தப் போன்ல பேசினவர் இப்ப எங்க இருப்பார் துரை? அவருக்கும் அந்தக் குரல் கேட்டுக்கிட்டேதான இருக்கும்? தெரில மேடம்னு சொல்லிட்டு எறங்கி வந்துட்டேன். அவங்களுக்குத் தெரிஞ்சி கேட்டாங்களா, தெரியாமக் கேட்டாங்களான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல சார். அதுக்கு அப்புறம் அவங்க முன்னாடி நிக்கவே பயம். தாள வாசல்ல இருக்கற ஸ்டூல் மேல வெச்சிட்டு பெல்லு அடிச்சிட்டு வந்துடுவேன்.

அக்டோபர்ல அப்ளிகேஷனுக்கு கடேசித் தேதி. ஆதித்யாவ கம்பெனில திடீர்னு பூனாவுக்கு அனுப்பிட்டாங்கோ. மெயில் போட்டான், அண்ணே, மத்த எல்லாம் நான் ரொப்பிட்டேன், எஸ்ஸே மட்டும் மேடம் ஓக்கே பண்ண மூணாவத ஏத்திடுங்கன்னு. பாஸ்வேர்டும் குடுத்துட்டான். யாரு பாஸ்வேர்டு குடுப்பாங்கோ சொல்லுங்க? நம்பி குடுத்தான்.

மத்தியானம் மூணு மணி. கடைல கூட்டம் இல்ல. பக்கத்துலயே ரேணுகா நின்னுகினு யாரோ ஒருத்தர் நெலப் பத்திரத்த ஜெராக்ஸ் எடுத்துகினு இருந்துச்சி. நான் மூணாவதத் தெறந்தேன். அந்த போன் பேராவ செலக்ட் பண்ணி அழிச்சேன். கரை, கேன், போலீசு எல்லாம் அழிச்சேன். ரெண்டாவதுல இருந்த பேராவ காப்பி பண்ணி அங்க ஒட்டினேன். சப்மிட்டுன்னு அழுத்தினேன். மொத்தமே நாலு நிமிசம்.

ஆமா சார். நான்தான்.

அமெரிக்காவுல எவனோ படிக்கப் போறான், அதுல உனக்கின்னாடான்னு கேப்பீங்க. எனக்கே தெரில. எழுத்துல ஏறிடுச்சின்னா அப்டித்தான் நடந்ததுன்னு ஆயிடுமேன்னு ஒரு பயம். அது வரைக்கும் நடக்காத மாரி.

மேடம் போனதும் பெங்களூர்ல இருந்து பொண்ணு வந்து வூட்ட காலி பண்ணிச்சி. பேப்பர் எல்லாம் நாலு மூட்ட. பழைய பேப்பர்காரன் வண்டில நான்தான் ஏத்திவுட்டேன். அந்த மூணாவது டிராஃப்ட்ட மட்டும் தேடி எடுத்துகினேன், செவப்பு இங்க்கோட. கிழிக்கத்தான் எடுத்தேன். கிழிக்க கை வரல. மேஜை டிராயர்ல வெச்சி பூட்டிக்கீறேன். தரேன், எடுத்துகினு போங்க.

இப்ப சொல்லுங்க. இண்டர்வியூல இதத்தான சொன்னான்? அந்த போன், பின்னாடி கேட்ட கொரல், எல்லாம் சொன்னானா. அதான் ஒத்துப்போவலயா. அவனுக்கு நான் மாத்தினதே தெரியாதே சார். தாள்லயும் அதான் கீதுன்னு நென்ச்சிகினு வெள்ளக்காரங்க மூணு பேரு எதிர்ல ஒக்காந்து அந்தப் புள்ள வாய் தெறந்து சொல்லிக்கீறான். அவங்க, எழுதினது வேற சொல்றது வேற, இவன் பொய்யன்னு நென்ச்சிட்டாங்கோ. அவன் வாழ்க்கைல ஒரே ஒரு தபா நெஜத்தச் சொன்னதுக்கு சீட்டு போவப் போவுது. இல்ல சார்?

அந்த போன எடுத்தது நான்தான். திருவிடந்தைல எஸ்டிடி பூத்து வெச்சினு படகுக்கு ஆள் புடிச்சிக் குடுத்துகினு இருந்தேன். பெரிய கம்பெனில இருந்து வந்த மொத ஆர்டரு. இவங்க ஒரு தபா வந்துட்டாங்கன்னா இந்த ரோட்ல கீற எல்லாக் கம்பெனியும் எங்கிட்டதான் வரும்னு ஊர் பூரா பீத்திகினு கெடந்தேன். பின்னாடி நின்னது என் தம்பி ராஜேந்திரன். நான் போன வெச்சதும் அவன் மறுபடியும் சொன்னான். பொட்டையாட்டம் பயப்படாதடான்னேன். நான் சொன்னா அவன் தட்டமாட்டான் சார். சட்டையக் கழட்டி பூத்து ஆணில மாட்டிட்டுப் போனான்.

ரேணுகாவாண்ட நான் இன்னா சொன்னேன்னு நீங்க கேக்கல. சொல்லிடறேன். நான் வேணாம்னு கைய புடிச்சேன், உம் புருசன் பேராசல கேக்காம போய்ட்டான்னு சொன்னேன். அது அப்டியே நம்பிச்சி. மூணு வருசமா அவன திட்டிகினுதான் கீது. வூட்ல ஒரு போட்டோ வெக்கல. அந்தக் கொழந்த, அப்பா எப்டி செத்தாருன்னு கேட்டா, எம் பேச்சையும் கேக்கல உங்க பெரியப்பா பேச்சையும் கேக்கலன்னு சொல்லும். நான் பக்கத்துலயே ஒக்காந்து சோறு துன்னுகினு இருப்பேன். ஒரு வா சோத்த அதிகமா போட்டு, நீங்க மட்டும் இல்லன்னா நாங்க இன்னா ஆயிருப்போம் மாமான்னு சொல்லும்.

இந்தாங்க, கரண்ட் வந்துடுச்சி. ரேணுகா ஜெனரேட்டர ஆஃப் பண்ணிடுச்சி பாருங்க. இனிமே பேசினா உள்ள கேக்கும்.

எழுதிக் குடுக்கணுமா? குடுக்குறேன் சார், கையெழுத்தும் போடறேன். தமிழ்ல இருந்தா போதும்ல? எனக்கு இன்னிக்கு கை ஓடாது. தமிழ் டைப்பு அதுதான் நல்லா அடிக்கும், நான்தான் கத்துக் குடுத்தேன். இல்ல சார், வேற ஆள் வேணாம். அதுவே அடிக்கட்டும்.

ரேணுகா. ஏம்மா ரேணுகா. மெஷின நிறுத்திட்டு கம்ப்யூட்டர்ல ஒக்காரு. சாருக்கு ஒரு லெட்டர் அடிக்கணும். கொழந்த ஸ்கூல்ல இருந்து வர இன்னும் நேரம் கீது, ஒக்காரு. நான் சொல்லச் சொல்ல அடி. நடுவுல இன்னா வந்தாலும் நிறுத்தாத, முழுசா அடிச்சி முடிச்சிட்டு அப்பால எங்கிட்ட எத்த வேணா கேளு.

தேதி போட்டியா. சரி, அடி.

அன்னிக்கு ராஜேந்திரன் வேணாம்னுதான் சொன்னான்.